தை வரைக்கும்

செப்டம்பர் 9, திங்கள்

சிலிண்டர் வந்தது. பால்காரர் நாளைக்கு வர மாட்டாராம், கொழுந்தியாள் வீட்டில் சடங்கு.

இவருக்கு இடது கண் மேல் இமையில் மறுபடியும் கட்டி. போன வருஷம் வந்த அதே இடம். கோவில்பட்டியில் பாதிப் பேருக்குக் கண்கட்டிக்குக் களிம்பு கொடுத்தவர் இந்த மனுஷன். மெடிக்கல் கடை பால்துரை அண்ணாச்சி கொடுத்தால் கேட்கும் என்று டாக்டரிடம் போகாமல் கடைக்கு வருகிறவர்கள் எத்தனை பேர்! அவருக்கே வந்திருக்கிறது, அவர் களிம்புக்கு அடங்க மாட்டேன் என்கிறது. இங்குள்ள கண் டாக்டர் போன வருஷம் இரண்டு தடவை கீறிச் சுரண்டினார். சுரண்டியதைப் பஞ்சில் துடைத்துக் கூடையில் போட்டுவிட்டு அவ்வளவுதான் என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இந்தத் தடவை அந்த இடத்தில் இமை மயிரே இல்லை. வலியும் இல்லை. வலிக்காத கட்டி நல்ல கட்டி என்கிறார் இவர். பெரிய டாக்டர்!

மகள் சுபாவின் நிச்சயத்துக்கு வாங்கிய தாம்பாளங்களை இன்றுதான் துலக்கி மேலே ஏற்றினேன். தை பதினெட்டு கல்யாணம். சிவகாசி சம்பந்தம். பையன் தங்கமானவன். அவன் அம்மா ரத்னபாய் இருக்கிறாளே, அவளுக்குத்தான் வாய் கொஞ்சம் நீளம். இதற்கு முன் பார்த்த பெண்ணின் அம்மாவுக்கு மார்பில் ஆபரேஷன் ஆன விஷயம் தெரிந்ததும் தட்டு மாற்றும் முன்பே எழுந்து வந்துவிட்டார்களாம். அதை என்னிடமே பெருமையாகச் சொல்லிவிட்டு, "ஒங்க வீட்ல அந்த மாதிரி ஒண்ணும் கெடையாதுல்லா மயினி?" என்று கேட்டாள். கிடையாது என்றேன். கிடையாதுதானே.

செப்டம்பர் 24, செவ்வாய்

நாமக்கட்டி உரைத்துப் போட்டேன். பிரயோஜனமில்லை. மதுரைக்குப் போகச் சொல்லிக் கண் டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். முகத்தைப் பார்க்காமல் எழுதிக் கொடுத்தார். இவர் போக மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். கல்யாணப் பத்திரிகைக்கு மதுரையில் டிசைன் பார்க்கலாம் என்று ஆசை காட்டிச் சம்மதிக்க வைத்தேன்.

அக்டோபர் 7, திங்கள்

மதுரை. பெரிய கண் ஆஸ்பத்திரி. கூட்டம் என்றால் தேர்க் கூட்டம். இமைக்கென்றே தனியாக ஒரு டாக்டர் இருக்கிறார், பெயர் ஷெரின். சுபாவை விடச் சில வயது மூத்தவள்தான் இருக்கும். இமையைப் புரட்டி, வெளிச்சம் அடித்து, ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மரக்க ஊசி போட்டு ஒரு துண்டு வெட்டி பாட்டிலில் போட்டாள். முன்னால் சுரண்டியதை யாராவது டெஸ்டுக்கு அனுப்பினார்களா என்று கேட்டாள். இல்லை என்றோம். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இவருடைய அப்பா எதில் இறந்தார் என்றும் கேட்டாள். "வயித்து நோவு. அந்தக் காலத்துல யாரு டாக்டரைப் பாத்தாக" என்றார் இவர். குடலில் கட்டி என்று திருநெல்வேலியில் சொன்னதாக நாத்தனார் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். கண்ணுக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் வாயைத் திறக்கவில்லை.

போன் நம்பர் கேட்டார்கள். கடையில் இவர் போனை எடுக்கவே மாட்டார், அதனால் என் நம்பரைக் கொடுத்தேன்.

அக்டோபர் 21, திங்கள்

மதுரையிலிருந்து டாக்டரே பேசினாள். ரிசல்ட் வந்துவிட்டது, இரண்டு பேரும் வாருங்கள் என்றாள். இரண்டு பேரும் என்பதை அழுத்திச் சொன்னாள். இவர் ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டேன். இவர் அப்போது பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 23, புதன்

முகூர்த்தச் சேலை எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன்.

கேன்சர்.

எழுதிவிட்டேன். எழுதினால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

இமை ஓரத்தில் எண்ணெய் விடுகிற பொடிப் பொடிச் சுரப்பிகள் வரிசையாக இருக்கிறதாம், கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாமல் இருக்க. அதில் வருவது. அபூர்வமாக வருவதாம். பார்க்கக் கண்கட்டி போலவே இருப்பதால் எல்லோரும் ஏமாந்துபோகிறார்களாம், டாக்டர்கள்கூட. அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், மயிர் உதிர்ந்தால், உடனே சந்தேகப்பட்டிருக்க வேண்டுமாம். எனக்கு யார் சொன்னார்கள்?

அடுத்த வாரமே ஆபரேஷன் என்றாள். சுற்றிலும் நல்ல சதையோடு சேர்த்து வெட்டி, ஓரத்தில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று அங்கேயே சோதித்து, எல்லாம் போன பிறகு கீழ் இமையிலிருந்து சதை எடுத்து மேல் இமையைப் புதிதாகக் கட்டுவார்களாம். அது ஒட்டிக்கொள்ளும் வரை கண்ணை மூடித் தைத்தே வைத்திருப்பார்களாம், இரண்டு மாதம்கூட ஆகுமாம். கண் பிழைக்கும் என்றாள். இப்போது எடுத்தால் பிழைக்கும்.

தாரை வார்க்கிற அப்பன் கண் தைத்துக்கொண்டு நின்றால்? ஒட்டினாலும் அந்தத் தழும்பு மறையுமா? சிவகாசிக்காரி என்ன என்று கேட்க மாட்டாளா?

தை வரைக்கும் தள்ளலாமா என்று கேட்டேன்.

"ஒரு வாரம் தள்றதுக்கே எனக்குப் பயமா இருக்கும்மா" என்றாள். விட்டால் கண் குழிக்குள் இறங்கும், காதுக்கு முன்னால் இருக்கிற நெறிக்குப் போகும், பிறகு கண்ணையே எடுக்க வேண்டிவரும் என்றாள். சரி, இவரிடம் மட்டும் சொல்லாதீர்கள், நெஞ்சு பலகீனமானவர், தாங்க மாட்டார் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். முடியாது என்றுவிட்டாள். அவர் கண், அவரிடம் சொல்லாமல் கத்தி வைக்க மாட்டேன் என்றாள். எல்லா வீட்டிலும் சொல்லாமல்தான் வைத்தியம் பார்க்கிறார்கள். என் பெரியப்பாவுக்குக் கடைசி வரை அல்சர் என்றுதான் சொன்னோம். இவள் மட்டும் என்ன அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளையா?

நானே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சேலை எடுத்தேன். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். கடைப் பையன் ஏம்மா அழுறீங்க, பொண்ணப் பிரியணும்னா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார், டாக்டர் போன் பண்ணினார்களா என்று. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"வெறும் கொழுப்புக் கட்டிதானாம். அவசரமில்ல, கல்யாணம் முடிஞ்சு எடுத்துக்கிடலாம்னாங்க."

"நாந்தான் அப்பவே சொன்னேம்லா" என்று சிரித்தார். தோசை இரண்டு கூடுதலாகச் சாப்பிட்டார்.

அக்டோபர் 24, வியாழன்

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். நான் சொன்னது ஒன்றுதான். அதுவும் இவருக்காக. இவர் தாங்க மாட்டார்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. சிவகாசியிலிருந்து பட்டாசுப் பெட்டியோடு வந்தார்கள். ரத்னபாய் வந்ததும் வராததுமாக, "கண்ணு என்ன அண்ணே, இப்படிச் செவந்து கெடக்கு?" என்றாள். நான் அதிரசத் தட்டை அவள் முன்னால் நீட்டினேன். இவர் மட்டும் சாதாரணமாக, "கண்கட்டிம்மா. பொண்ணுக்கு நல்ல எடம் அமைஞ்சிருக்குன்னு ஊர்க்கண்ணு பூரா எங்கண்ணுலதான் விழுது" என்றார். அவள் அப்படிச் சிரித்தாள். உச்சி குளிர்ந்து போயிற்று அவளுக்கு.

பொய் சொல்லாமல் பேசுகிறவர் பேச்சு எவ்வளவு சுளுவாக எடுபடுகிறது.

நவம்பர் 12, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி போன். இவர் வர மறுக்கிறார் என்றேன். எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன், பிடிவாதக்காரர் என்றேன். அவரிடம் கொடுங்கள், நான் பேசிப் புரிய வைக்கிறேன் என்றாள் அந்த ஷெரின். வைத்துவிட்டேன்.

சாயங்காலம் மறுபடி அடித்தாள். சுபா பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகைக்குப் பெயர்கள் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும்மா, எடுக்க மாட்டேங்கிறே என்று கேட்டாள். யாரோ லோன் வேணுமா என்று தொல்லை பண்ணுகிறான் என்றேன். என் கையிலிருந்து போனை வாங்கி அந்த நம்பரை பிளாக் செய்து கொடுத்தாள். இனிமே வராதும்மா என்றாள்.

தேங்காய் நூறு சொல்லியாயிற்று. வாழைமரத்துக்கு இன்னும் சொல்லவில்லை.

டிசம்பர் 4, புதன்

கட்டி பெருத்துவிட்டது. இமை சரியாக மூட மாட்டேன் என்கிறது. இவர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்கிறார். அண்ணாச்சி ஹீரோ ஆயிட்டாக என்று கடைக்கு வருகிறவர்கள் கேலி பண்ணுகிறார்கள், இவரும் சேர்ந்து சிரிக்கிறார். அவராகவே ஏதேதோ சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறார்.

மத்தியானம் டார்ச்சைக் கையில் கொடுத்து, இமையைப் புரட்டிப் பிடித்துக்கொண்டு என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். மஞ்சளாக, காலிஃபிளவர் பூத்த மாதிரி இருந்தது. ஓரத்தில் ரத்தம். சின்னதாகத்தான் இருக்கிறது, வற்றிக்கொண்டு வருகிறது என்றேன். போய் வாசல் குழாயில் முகம் கழுவினேன்.

இவர் தாங்க மாட்டார் என்று நான் எழுதியிருந்ததை இன்று புரட்டிப் பார்த்தேன். தாங்க மாட்டார்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

டிசம்பர் 18, புதன்

குலதெய்வத்துக்குப் பத்திரிகை வைத்தோம். தை வரைக்கும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை.

ஜனவரி 11, சனி

இவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். காதோரம் தேய்க்கும்போது விரலில் தட்டுப்பட்டது. இடது காதுக்கு முன்னால், மொச்சைக்கொட்டை அளவுக்கு, கல்லு மாதிரி. கையை எடுத்துவிட்டேன். என்ன நிறுத்திட்ட என்றார். எண்ணெய் கண்ணில் பட்டுவிடும் என்றேன்.

நெறி கட்டியிருக்கும். சளி பிடித்தாலும் நெறி கட்டும்.

சீயக்காய் வாங்க வேண்டும்.

ஜனவரி 16, வியாழன்

பொங்கல் வேலை, கல்யாண வேலை, வீடு நிறைய ஆள். இடுப்பு கழன்றுவிட்டது.

காலையில் எல்லோரும் அந்தப் பக்கம் போன நேரமாகப் பார்த்து இவர் அடுப்படிக்கு வந்தார். கிளாஸைக் கழற்றியிருந்தார். கண் குழைந்து கிடந்தது.

"ஜெயா, ராத்திரி பூரா குத்துது. மதுரைக்கு ஒரு எட்டுப் போயி காட்டிட்டு வந்துருவமா?"

அவராகவே கேட்டார். வர மறுக்கிறார் என்று நான் டாக்டரிடம் சொல்லிவைத்த மனுஷன் அவராகவே கேட்டார். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பந்தல்காரன் வந்து வாசலில் நின்றான். கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது, இப்போது போனால் அட்மிட் ஆகச் சொல்வார்கள், பெண்ணை யார் தாரை வார்ப்பது என்று கேட்டேன்.

"அதுஞ்சரிதான். புள்ள காரியம் முடியட்டும்" என்று சொல்லி, ஒரு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பந்தல்காரனிடம் போய்விட்டார்.

நான் என்ன கொலைகாரியா? அழைத்துப் போனால் அன்றைக்கே ஊர் முழுக்கத் தெரியும். சுபாவின் வாழ்க்கை என்ன ஆகும்? இவருக்கே அது தெரிந்தால் நெஞ்சு வெடித்துவிடும். நான் யாருக்காகச் செய்கிறேன்?

ஜனவரி 31, வெள்ளி

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

போட்டோ எடுக்கிறவன் சும்மா இருக்காமல், சார், கண்ணாடியைக் கழட்டுங்க, பொண்ணோட அப்பா முகம் தெரியட்டும் என்றான். நான் ஓடிப் போய் வேண்டாம் என்பதற்குள் இவர் கழற்றிவிட்டார். ரத்னபாய் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அதற்குள் தாலி ஏறியிருந்தது.

பாயசம் தித்திப்புக் குறைவு என்று நாத்தனார் சொன்னாள். நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, எனக்கு எப்படித் தெரியும்.

பிப்ரவரி 12, புதன்

மதுரை. அந்த டாக்டர் பெண் என்னை நாலு வார்த்தை திட்டுவாள் என்று தயாராகப் போனேன். ஒன்றும் சொல்லவில்லை. இவரிடம், ஏன் சார் இவ்வளவு லேட்டா வந்தீங்க என்று மட்டும் கேட்டாள். "பொண்ணு கல்யாணம்மா. நீங்கதான் அவசரமில்லன்னீங்களாமே" என்றார் இவர் சிரித்தபடி. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தச் சமயத்தில் பூமி பிளக்கட்டும் என்று நினைத்தேன். அவள் என்ன நினைத்தாளோ, முதலில் ஸ்கேன் பார்ப்போம் என்று சொல்லிவிட்டாள்.

பிப்ரவரி 19, புதன்

இவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

கண் குழிக்குள் இறங்கிவிட்டது. காது நெறியிலும் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே போகவில்லை, அது ஒன்றுதான் நல்ல சேதி. கண்ணை இமையோடு மொத்தமாக எடுக்க வேண்டும். நெறிகளையும் எடுத்து, பிறகு கரண்ட் வைக்க வேண்டும், ரேடியேஷன் என்கிறார்களே அது. எல்லாம் செய்தால் உயிர் நிற்க வாய்ப்பு இருக்கிறது என்றாள். வாய்ப்பு என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமனார் விஷயத்தை மறுபடி கேட்டாள். இந்தத் தடவை சொன்னேன். குடலில் கட்டி என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். சில குடும்பங்களில் இந்தச் சுரப்பிக் கேன்சரும் குடல் கேன்சரும் ஒரே வேரிலிருந்து வருமாம். அப்படியானால் பிள்ளைகளுக்கும் இறங்கியிருக்கலாம், பாதிக்குப் பாதி. மகளுக்கு ரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும், இருந்தால் ஆரம்பத்திலிருந்தே கண்காணிக்கலாம், காப்பாற்றிவிடலாம் என்றாள்.

நான் எழுந்துவிட்டேன். எங்கே போகிறேன் என்று தெரியாமல் நடந்தேன். ஆண்கள் வார்டுப் பக்கம் போய் நின்றிருக்கிறேன், யாரோ ஒரு அம்மா பிடித்துத் திருப்பிவிட்டாள்.

நாளைக்கு ரவுண்ட்ஸ் வரும்போது டாக்டர் அவரிடம் சொல்லப் போகிறாள். அதற்கு முன் நீங்கள் சொல்வதாக இருந்தால் சொல்லிக்கொள்ளுங்கள் என்றாள்.

பிப்ரவரி 20, வியாழன்

காலையில் கேன்டீனுக்குக் கூட்டிப் போனேன். இரண்டு காபி வாங்கினேன். இவர் கேன்டீன் வடை கடை வடை மாதிரி இல்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அது கொழுப்புக் கட்டி இல்லைங்க" என்றேன். "கேன்சர்."

தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். மேசையில் சிந்தியிருந்ததை விரலால் துடைத்தார்.

"எது போகும்? கண்ணா, உசுரா?"

"கண்ணு. உசுரைக் காப்பாத்தத்தான் பாக்காங்க."

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் இட்லிக்குச் சட்னி கேட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. இவர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார், மயங்கி விழுவார் என்று நான்கு மாதமாக நினைத்து வைத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. தாங்கிவிட்டார்.

"ஒனக்கு என்னைக்குத் தெரியும்?"

நேற்றுத்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது. நாக்குக்கு அது பழகிப்போயிருந்தது.

"முகூர்த்தச் சேலை எடுத்த அன்னைக்கு."

"அன்னைக்கே எடுத்திருந்தா கண்ணு தங்கியிருக்குமா?"

"தங்கியிருக்கும்."

தலையை ஆட்டினார். கடையில் யாராவது வியாதியைச் சொன்னால் கேட்டுக்கொண்டு ஆட்டுவாரே, அப்படி.

"பொங்கல் அன்னைக்கு நானா வந்து கேட்டேன்."

"ஆமா."

"நானா இருந்தாலும் புள்ளைக்காக இதத்தான் செஞ்சிருப்பேன்னு சொல்லுவேன்னு நீ எதிர்பாக்கே." ஒற்றைக் கண்ணால் என்னை நேராகப் பார்த்தார். "சொல்ல மாட்டேன் ஜெயா."

நான் அழுதேன். கேன்டீன் என்றுகூடப் பார்க்கவில்லை. இவர் என் கையைத் தொடவில்லை. முப்பது வருஷத்தில் நான் அழுது இவர் தொடாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

பிறகு மிச்சத்தையும் சொன்னேன். மாமனாருக்கு என்ன இருந்தது, அது இவருக்கு எப்படி வந்திருக்கலாம், சுபாவுக்கு ரத்தம் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது, எல்லாம். கேன்சர் என்றபோது ஆடாத மனுஷன் சுபா பெயரைக் கேட்டதும் ஆடிவிட்டார். காபி தம்ளர் உருண்டு கீழே விழுந்தது. யாரோ துடைக்க வந்தார்கள். இவர் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சிவகாசிக்கு நீயே போயிச் சொல்லு" என்றார் கடைசியில். "போன்ல சொல்லாத. அவளுக்கும் நாள் பாத்துக்கிட்டு இருக்காத."

பிப்ரவரி 21, வெள்ளி

இவருக்குத் துணையாக நாத்தனார் வந்திருக்கிறாள். இவர் என்னிடம் பேசவில்லை. ஆபரேஷன் திங்கட்கிழமை என்று முடிவாகியிருக்கிறது, டாக்டரிடம் எல்லாவற்றையும் அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இன்று அஷ்டமி. புதுப் பெண் வீட்டுக்கு யாரும் அஷ்டமியில் போக மாட்டார்கள். சுபா போன் செய்தாள், என்னம்மா திடீர்னு வர்றே, அப்பாவுக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டாள். ரத்னபாய் வீட்டில் இருக்கிறாளா என்று கேட்டேன். கோயிலுக்குப் போயிருக்கிறார்கள், வர நேரமாகும், அதற்குள் வந்துவிடு, நாம் தனியாகப் பேசலாம் என்றாள்.

அவர்கள் வந்த பிறகே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.